எந்திரம் அனுப்பும் குறுஞ்செய்தி: கடிவாளம் யார் கையில்?

புது தில்லி: ஜம்மு-காஷ்மீருக்கு அளிக்கப்பட்டிருந்த சிறப்பு அந்தஸ்து 2019 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நீக்கப்பட்டபோது, அங்கு தொலைபேசி, இணையம், குறுஞ்செய்தி ஆகிய அனைத்தும் துண்டிக்கப்பட்டன. பின்னர் அவை ஒவ்வொன்றாகத் திரும்பின. அவற்றில் குறுஞ்செய்தி திரும்பிய விதம் கவனத்துக்குரியது. மாணவர்கள், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோர், வணிகர்கள் ஆகியோரின் வசதிக்காக, கணினிகள் தாமாக அனுப்பும் குறுஞ்செய்திகள் மட்டும் டிசம்பர் 10-ஆம் தேதி அனுமதிக்கப்பட்டன. தாய் மகனுக்கும், நண்பர் நண்பருக்கும் அனுப்பும் குறுஞ்செய்திக்கு அதன் பிறகும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 31 நள்ளிரவில்தான் அந்த வசதி மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

மனிதரைவிட எந்திரத்துக்கு முதலில் பேச அனுமதி கிடைத்த அந்த மூன்று வாரங்கள், இந்தியாவில் குறுஞ்செய்தி வந்து சேர்ந்திருக்கும் இடத்தைக் காட்டுகின்றன. இன்று செல்பேசியில் வந்து விழும் குறுஞ்செய்திகளில் மனிதர் விரலால் தட்டியவை எத்தனை என்று யாரும் தத்தம் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். வங்கி இருப்பு, ரயில் முன்பதிவு, சமையல் எரிவாயு உருளை, ஒருமுறை கடவுச்சொல், கடன் தருவதாக ஆசை காட்டும் விளம்பரம் என அனைத்துக்கும் பின்னால் ஒரு மென்பொருள் இருக்கிறது. அந்த மென்பொருளை யார் இயக்கலாம், எத்தனை செய்தி அனுப்பலாம், என்ன எழுதலாம் என்பதைத் தீர்மானிப்பதில் ஒழுங்குமுறை ஆணையமும், அரசும், நீதிமன்றமும் சுமார் இருபது ஆண்டுகளாக இழுபறியில் இருந்து வருகின்றன.

ஒரு கணினி, ஒரு சிம் அட்டை

மொத்தக் குறுஞ்செய்தி அனுப்புவதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படுவதில்லை. 2000-களின் பிற்பகுதியில் கணினியுடன் கம்பி மூலம் இணைத்த ஒரு செல்பேசியோ, சிம் அட்டை பொருத்திய ஒரு மோடமோ அதற்குப் போதுமானதாக இருந்தது. பெயர்களும் எண்களும் அடங்கிய அட்டவணையை மென்பொருளிடம் கொடுத்தால், ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் உரியவரின் பெயரை அதுவே சேர்த்துக்கொள்ளும். ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே சில விநாடி இடைவெளி விட்டு, வரும் பதில்களையும் வகை பிரித்து வைக்கும். ஒரு சிம் அட்டையின் சலுகை தீர்ந்ததும் அடுத்ததற்குத் தாவும். பள்ளிக்கூடம் விடுமுறை அறிவிக்கவும், தொழிற்சங்கம் கூட்டத்துக்கு அழைக்கவும் பயன்பட்ட அதே கருவிதான் மனை விற்பவருக்கும், மோசடிக்காரருக்கும் கைகொடுத்தது. கருவியைப் பார்த்து அனுப்புபவரின் நோக்கத்தைக் கண்டுபிடிக்க வழி இல்லை. ஒழுங்குமுறை விதிகள் அத்தனையும் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

மொழி சார்ந்த சிக்கல் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழிலோ, ஹிந்தியிலோ ஒருங்குறியில் எழுதினால் 70 மட்டுமே. அதிலும் மெய்ப்புள்ளி, உயிர்மெய்க் குறி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாக உடைந்து, துண்டுக்கு 67 என்று குறையும். கட்டணமோ துண்டுக்குத் துண்டு ஏறும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கெனத் தனி எழுத்து அட்டவணைகள் உலகத் தரநிலையில் பின்னர் சேர்க்கப்பட்டபோதிலும் அவை பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. லட்சக்கணக்கில் செய்தி அனுப்பும் நிறுவனங்கள் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவர், தன் கணக்கில் இருந்து பணம் எடுக்கப்பட்டதைச் சொல்லும் செய்தியை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் காட்டிப் படிக்கச் சொல்வது இதன் விளைவு.

நூறா, இருநூறா?

வேண்டாத விளம்பரங்களைத் தடுக்கும் முதல் விதிமுறைகளை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2007-இல் கொண்டு வந்தது. விளம்பரம் வேண்டாதவர்கள் தேசியப் பதிவேட்டில் எண்ணைப் பதிவு செய்யலாம் என்ற அந்த ஏற்பாடு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2010-இல் அறிவிக்கப்பட்ட கடுமையான விதிமுறைகள் பலமுறை தள்ளிப்போய், 2011 செப்டம்பர் 27-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரச் செய்திகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பதிவு பெற்ற விளம்பர நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு வந்தால், அவை சாதாரண சிம் அட்டைகளுக்கு மாறிவிடும் என்பதை டிராய் அறிந்தே இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க அது கையாண்ட வழிதான் சர்ச்சைக்கு வித்திட்டது: எந்த ஒரு சிம் அட்டையில் இருந்தும் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக்கூடாது.

விளம்பரதாரருக்காக வெட்டிய குழியில் மாணவரும், குடியிருப்போர் சங்கச் செயலரும், அரசியல் தொண்டரும் சேர்ந்து விழுந்தனர். எதிர்ப்பு எழுந்ததும், அதே ஆண்டு நவம்பரில் வரம்பு 200-ஆக உயர்த்தப்பட்டது. ஃபேஸ்புக், டுவிட்டர் போன்ற சமூக வலைதளங்களும், மின்னணுப் பயணச்சீட்டு முகமைகளும் வரம்பில் இருந்து விலக்குப் பெற்றன. பெரு நிறுவனங்களுக்கு விலக்கும், தனிமனிதருக்கு வரம்பும் என்ற இந்த ஏற்பாட்டை "டெலிகாம் வாட்ச்டாக்' என்ற தன்னார்வ அமைப்பு தில்லி உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது.

2012 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வணிக நோக்கமற்ற குறுஞ்செய்திகளுக்கு 200 என்ற உச்சவரம்பு விதிப்பது அரசியல் சட்டம் உறுதி செய்யும் பேச்சுரிமைக்கு எதிரானது என்று உயர்நீதிமன்றம் கூறியது. வணிக விளம்பரத் தொல்லையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் டிராய்க்கு உண்டு. அதற்காகக் குடிமக்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு எண்ணிக்கை விதிக்க முடியாது என்பதே அதன் சாரம். குறுஞ்செய்தியைப் பேச்சுரிமையின் வரம்புக்குள் கொண்டு வந்த முக்கியமான தீர்ப்பு இது.

அந்தத் தீர்ப்பின் மை உலர்வதற்குள் நிலைமை தலைகீழானது. அஸ்ஸாமில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் உள்ள வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தி 2012 ஆகஸ்டில் குறுஞ்செய்திகளாகப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டு, குவாஹாட்டி செல்லும் ரயில்களில் ஏறினர். ஆகஸ்ட் 17-ஆம் தேதி மத்திய அரசு, ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு 15 நாள் தடை விதித்தது. சில நாள்களில் அது 20-ஆகத் தளர்த்தப்பட்டு, மாத இறுதியில் விலக்கப்பட்டது. 2010 செப்டம்பரில் அயோத்தி வழக்கில் அலாகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வெளியான வேளையிலும் நாடு முழுவதும் மொத்தக் குறுஞ்செய்திக்குத் தாற்காலிகத் தடை இருந்தது. இத்தகைய தடைகள் வதந்தியை எந்த அளவுக்குத் தடுத்தன என்பது வேறு விஷயம். ரயில் நிலையத்தில் கூடியிருந்தவர்களுக்கு "பயப்பட வேண்டாம்' என்று சொல்ல விரும்பியவர்களின் கைகளையும் அவை கட்டிப்போட்டன என்பதை மறுக்க முடியாது.

காஷ்மீரில் இந்தத் தாற்காலிகம் நீண்டுகொண்டே சென்றது. 2010-இல் அங்கு நடந்த போராட்டங்களின்போது நிறுத்தப்பட்ட குறுஞ்செய்தி வசதி, முன்பணம் செலுத்தும் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு 2014 மே மாதத்தில்தான் திரும்பக் கிடைத்தது. கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள்!

உயர்நீதிமன்றம் மூடிய கதவை டிராய் வேறு வழியாகத் திறந்தது. தடை விதிக்க முடியாதெனில் விலை வைக்கலாம் அல்லவா? நாளொன்றுக்கு 100 செய்திகளுக்கு மேல் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 காசு கட்டணம் என்று 2012 நவம்பரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு 2020 ஜூன் மாதம் வரை நீடித்தது.

வார்ப்புருவுக்குள் அடங்கும் செய்தி

2018-இல் டிராய் வெளியிட்ட விதிமுறைகள் ஆட்டத்தின் தன்மையையே மாற்றின. எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்க்கத் தொடங்கியது ஆணையம். மொத்தமாகச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னையும், தன் பெயர்க் குறியீட்டையும், அனுப்பப்போகும் செய்தியின் வார்ப்புருவையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் "பிளாக்செயின்' பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தொகை, தேதி, பெயர் போன்ற மாறும் இடங்கள் மட்டும் காலியாக விடப்படும். அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியையும் மென்பொருள் வார்ப்புருவுடன் ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் செய்தி போகாது.

காகிதத்தில் சிறப்பாக இருந்த இந்த ஏற்பாடு 2021 மார்ச் 8-ஆம் தேதி செயலுக்கு வந்தபோது நாடு திகைத்தது. வங்கிகளும், இணைய வணிக நிறுவனங்களும் அனுப்பிய ஒருமுறை கடவுச்சொற்கள் வாடிக்கையாளர்களைச் சென்றடையவில்லை. கரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் "கோவின்' தளத்துக்கான கடவுச்சொல்லும் இதில் சிக்கியது. முதியோருக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. பல நிறுவனங்கள் வார்ப்புருக்களைப் பதிவு செய்யாததும், பதிவு செய்தவையும் அனுப்பும் செய்தியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாததுமே காரணம். மறுநாளே டிராய் சரிபார்ப்பை ஏழு நாள்கள் நிறுத்தி வைத்தது. விதியைப் பின்பற்றாத 40 நிறுவனங்களின் பட்டியலையும் அந்த மாத இறுதியில் வெளியிட்டது. நாட்டின் முன்னணி வங்கிகள் சிலவும் அதில் இருந்தன என்பது வியப்புக்குரியது. கோடிக்கணக்கான மக்களின் பணப் பரிமாற்றம் ஒரு காற்புள்ளி பொருந்துவதை நம்பி நிற்கிறது என்பதை அந்த ஒரு நாள் உணர்த்தியது.

பதிவு பெற்ற வழி இறுகியதும், தொல்லை பழையபடி பத்து இலக்க எண்களுக்கு நகர்ந்தது. பல சிம் அட்டைகளைச் செருகி ஒரே நேரத்தில் இயக்கும் பெட்டிகள் இதற்குப் பயன்படுத்தப்பட்டன. 2024 ஆகஸ்டில், பதிவு பெறாத விளம்பரதாரர்களின் இணைப்புகளைத் துண்டித்துக் கருப்புப் பட்டியலில் சேர்க்குமாறு டிராய் உத்தரவிட்டது. அதன்படி 800-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 18 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் முதல், முன்பதிவு செய்யப்படாத இணைய முகவரிகளைக் கொண்ட செய்திகளுக்கும் தடை வந்தது.

இதனிடையே மென்பொருளின் மறுமுனையும் வளர்ந்துவிட்டது. அனுப்புவது எந்திரம் என்றால், படிப்பதும் எந்திரமாகி வருகிறது. கடவுச்சொல், விளம்பரம், சொந்தச் செய்தி எனத் தானே வகை பிரிக்கும் வசதியையும், கடவுச்சொற்களை 24 மணி நேரத்தில் தானே அழிக்கும் வசதியையும் 2021-இல் கூகுள் தன் செய்திச் செயலி வழியாக இந்தியாவில் அறிமுகம் செய்தது. கெட்டவர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதச் சீட்டு என்ற பெயரில் அனுப்பப்படும் போலிச் செயலியை நிறுவிக்கொண்டால், வரும் கடவுச்சொல் அனைத்தையும் அது சத்தமில்லாமல் மோசடிக்காரருக்குத் திருப்பி அனுப்பிவிடும். குறுஞ்செய்தி ஒன்றையே நம்பியிருக்கும் நிலையை மாற்ற, பிற சரிபார்ப்பு முறைகளுக்கும் இடமளிக்கும் நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டது. அவற்றை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் அது கூறியது.

அரசின் செய்தி

அரசே மிகப்பெரிய அனுப்புநர்களில் ஒருவராக இருப்பது இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத பகுதி. மத்திய, மாநில அரசுத் துறைகளுக்காக "மொபைல் சேவா' தளம் 2011-இல் அமைக்கப்பட்டது. விவசாயிகளுக்கு வானிலை, விலை நிலவரம் ஆகியவற்றை அனுப்பும் "எம்-கிசான்' 2013 ஜூலையில் தொடங்கப்பட்டது. இவற்றின் பயனை யாரும் மறுக்கப் போவதில்லை. தேர்தல் நெருங்கும்போதுதான் சேவை எது, பிரசாரம் எது என்ற எல்லைக்கோடு மங்குகிறது.

2024 மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்ட மார்ச் 16-ஆம் தேதியை ஒட்டி, பிரதமரின் கடிதத்துடன் கூடிய "வளர்ந்த பாரதம்' செய்தி ஏராளமானோரின் வாட்ஸ்ஆப்பில் வந்து சேர்ந்தது. எதிர்க்கட்சிகள் புகார் செய்தன. தேர்தல் ஆணையம் அவற்றை உடனே நிறுத்துமாறு மார்ச் 21-இல் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. நடத்தை விதிகள் அமலாகும் முன்பே அவை அனுப்பப்பட்டுவிட்டன என்றும், கட்டமைப்பு மற்றும் வலையமைப்புக் குறைபாடுகளால் சில தாமதமாகச் சென்றடைந்திருக்கலாம் என்றும் அமைச்சகம் விளக்கம் அளித்தது. வரிசையில் காத்திருக்கும் செய்தியை எந்திரம் எப்போது அனுப்பும் என்பதற்குத் தேர்தல் நடத்தை விதிகளில் விடை இல்லை.

2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிமுறைகளின்படி, ஒவ்வொரு செய்தியின் பெயர்க் குறியீட்டுக்குப் பின்னாலும் ஓர் எழுத்து இடம்பெற வேண்டும். விளம்பரம் என்றால் "பி', சேவை என்றால் "எஸ்', பரிவர்த்தனை என்றால் "டி', அரசு என்றால் "ஜி'. விளம்பரங்களில் இருந்து விலகும் வழியையும் அந்தச் செய்தியிலேயே தர வேண்டும். "ஜி' என்று முடியும் செய்திகள் இந்த விருப்பப் பதிவுக்கு உட்பட்டவை அல்ல.