பெல் மாற்றும் டிரம்பெட்

பி-பிளாட் டிரம்பெட்டின் குழல், சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 148 செ.மீ. இருக்கும். ஊதுவாயைச் செருகும் முதல் பகுதி லீட்பைப். அதன் உட்புறம் மெல்ல அகலும் விதத்தைச் சிறிது மாற்றினாலும் காற்றின் எதிர்ப்பும் சுருதியும் மாறும். தேர்ந்த கலைஞரின் உதடு அதை உடனே உணரும்.

மறுமுனையில் விரிவது பெல். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் வாசித்த ரெனால்ட் ஷில்கி, 1956இல் அதே நகரில் கருவிப் பட்டறை தொடங்கினார். பெல்லையே முன்பின் நகர்த்திச் சுருதி சேர்க்கும் டிரம்பெட்டுகள் அங்கே உருவாயின. திருகைத் தளர்த்தினால் பெல் கழன்றுவிடும். ஆகவே ஒரே கருவியில் பித்தளை பெல்லுக்குப் பதிலாகச் செம்பு பெல்லையும் பூட்டலாம். ஒலியின் நிறத்தை உலோகத்தைவிட அதிகம் தீர்மானிப்பது பெல் விரியும் வளைவுதான்.