கிரிப்டோ காசு: கேள்விப்படுவதும் உண்மையும்

இன்று லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா போன் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையோடு பேசவும், படிக்கிற பிள்ளைகளின் பாடத்துக்கும் அது உதவுகிறது. அதே போனில் இன்னொரு பேச்சும் வருகிறது. "அக்கா, கிரிப்டோவுல காச போடுங்க, மூணு மாசத்துல டபுள்" என்கிறார் ஒருவர். "அது கள்ளக் கம்பனி, எங்க குரூப்புதான் ஒரிஜினல்" என்கிறார் மற்றவர். ஒரே லயத்துக்குள் இரண்டு கட்சி! எந்தக் கட்சியிலும் சேருவதற்கு முன், விஷயம் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

கிரிப்டோ என்றால் என்ன?

நம்முடைய பேரும் கொழுந்துக் கிலோவும் செக்ரோலில் பதிவாகின்றன. அந்தப் புத்தகம் ஆபிசில் ஒன்றுதான் இருக்கும். கணக்கில் பிழை என்றால் ஆபிசில்தான் கேட்க வேண்டும். இப்போது, அதே செக்ரோலின் பிரதி ஒவ்வொரு காம்பராவிலும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பேர் போட்டால் எல்லாப் பிரதியிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். யாராவது தன் பிரதியில் அரைப் பேரை முழுப் பேராக மாற்றினால், மற்றவர்களின் பிரதிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

கிரிப்டோ காசின் கணக்குப் புத்தகமும் இப்படித்தான். இதற்குப் பெயர் பிளாக்செயின். உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் பிரதி இருக்கிறது. முதலாவது காசு பிட்கொயின். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் இதன் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3ஆம் திகதி கணக்கு தொடங்கியது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் பிட்கொயினுக்கு மேல் வராது என்பது அதன் விதி. நோட்டும் இல்லை, சில்லறையும் இல்லை. புத்தகத்தில் உள்ள எண்தான் காசு.

அவர்களுக்குள் ஏன் சண்டை?

பிட்கொயின் புத்தகத்தில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும். அந்தப் பக்கத்தின் அளவைப் பற்றித்தான் பெரிய சண்டை வந்தது. பக்கத்தைப் பெரிதாக்கினால் கடை கண்ணியில் சாமான் வாங்கவும் பாவிக்கலாம், செலவும் குறையும் என்றது ஒரு கூட்டம். புத்தகம் தடித்துப் போனால் சாதாரண ஆள் பிரதி வைக்க முடியாது, பெரிய கம்பனிகளின் கையில் போய்விடும் என்றது மற்றக் கூட்டம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. முடிவில் 2017 ஆகஸ்ட் 1ஆம் திகதி பிட்கொயின் கேஷ் என்று தனிக் காசு பிரிந்து போனது.

ஈதரியம் என்ற காசிலும் பிளவு வந்தது. 2016 ஜூன் மாதத்தில் அதிலிருந்த ஒரு பொது நிதியிலிருந்து சுமார் 36 இலட்சம் ஈதரை ஒருவர் சுருட்டினார். "கணக்கைத் திருத்திக் காசை மீட்போம்" என்றார்கள் பெரும்பாலோர். "எழுதின கணக்கை இன்றைக்குத் திருத்தினால், நாளைக்கு யாருக்காகவும் திருத்தலாமே" என்றார்கள் மற்றவர்கள். அடுத்த மாதமே ஈதரியம், ஈதரியம் கிளாசிக் என்று இரண்டாயிற்று. செக்ரோலைத் திருத்தும் உரிமை யாருக்கு என்ற கேள்வி நமக்கும் புதிதல்லவே!

இவை கொள்கைச் சண்டைகள். ஆனால் போனில் வரும் சண்டை பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. புதிதாக ஆட்கள் வாங்கினால்தான் விலை ஏறும். ஆகவே காசு வைத்திருப்பவர் தன் காசைப் புகழ்வார், அடுத்ததை இகழ்வார். தன் மாட்டை விற்க வந்தவர் அதன் குறையைச் சொல்வாரா? சந்தேகம் கேட்பவரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவதும் இதனால்தான். லூனா என்ற காசை உண்டாக்கிய டோ குவொன், கேள்வி கேட்டவர்களை ஏளனம் செய்துவந்தார். 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் 80 டொலர் அளவில் இருந்த லூனா ஒரு சதத்துக்கும் கீழே விழுந்தது. 2025இல் அவர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நம்மிடையே உள்ள தப்பெண்ணங்கள்

1. "விலை ஏறத்தான் செய்யும்." 2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் சுமார் 69,000 டொலர். ஒரே வருடத்தில் 16,000 டொலருக்கும் கீழே வந்தது. மறுபடி ஏறியது உண்மைதான். ஆனால் மகளின் கலியாணத்துக்குக் காசு தேவைப்படும் மாதத்தில் விலை எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

2. "போன்ல பட்டனை அமுக்கினா மைனிங், காசு கொட்டும்." பிட்கொயின் மைனிங் என்பது பெரிய கணினிகளை இரவு பகலாக ஓட்டும் வேலை. லக்சபானத் தண்ணீரில் 1969 முதல் ஓடும் நம்ம பொல்பிட்டிய மின் நிலையத்தை நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட எல்லா நிலையங்களும் சேர்ந்து இலங்கைக்கு ஒரு வருடத்தில் தரும் மின்சாரத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் பிட்கொயின் விழுங்குகிறது என்று கணக்கிடுகிறார்கள். கையடக்கப் போன் அந்த வேலையைச் செய்யுமா?

3. "டொலர்ல இருக்கு, பயமில்லை." 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அந்தப் பயத்தில் பலர் டொலர் என்ற சொல்லையே நம்பினார்கள். ஆனால் போனில் தெரியும் எண், கைக்கு வரும்வரை டொலர் ஆகாது. எம்.டி.எப்.ஈ. என்ற செயலி 2023 ஆகஸ்டில் கவிழ்ந்தபோது, போட்ட காசு போனது மட்டுமல்ல, "நீங்கள்தான் எங்களுக்குக் கடன்" என்று பலரின் போனில் காட்டியது.

4. "கம்பனி பதிஞ்சது, அரசாங்கம் அனுமதி தந்தது." கம்பனியைப் பதிவது வேறு, மக்களிடம் காசு திரட்ட அனுமதி பெறுவது வேறு. கிரிப்டோ இலங்கையின் சட்டபூர்வ நாணயம் அல்ல என்று மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. 2021 முதல் வங்கி அட்டையால் அதை வாங்கவும் தடை வந்தது. 2023இல் வெளியிட்ட தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் ஸ்போர்ட் செயின், ஒன்மேக்ஸ் டி.டி., எம்.டி.எப்.ஈ. ஆகியவை இருந்தன.

5. "இதுவும் சீட்டு மாதிரிதான்." சீட்டில் பத்துப் பேர் போடுவதைப் பத்துப் பேரும் முறை வைத்து எடுக்கிறோம். ஆளும் தெரியும், கணக்கும் தெரியும். பிரமிட் திட்டத்தில் ஒவ்வொருவரும் ஆள் பிடிக்க வேண்டும். ஒருவர் 3 பேரைச் சேர்த்தால் அடுத்து 9, பிறகு 27, 81, 243, 729. ஏழாவது படியில் 2,187 பேர் வேண்டும். பத்தாவது படியில் 59,049 பேர்! அத்தனை பேருக்கு எங்கே போவது? கடைசியில் சேர்ந்தவர்களின் காசுதான் முதலில் சேர்ந்தவர்களின் 'இலாபம்'. அந்தக் கடைசி ஆட்கள் பெரும்பாலும் நம்முடைய சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டப்படி, இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, பிரசாரம் செய்வதும் குற்றம். தெரியாமல் நாலு பேரைச் சேர்த்துவிட்டவரும் பதில் சொல்ல வேண்டி வரும்.

என்ன செய்யலாம்?

யாராவது காசு கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இலாபம் எங்கிருந்து வருகிறது? ஆள் சேர்க்காமலும் அது வருமா? போட்டதை இன்றைக்கே முழுதாக எடுக்க முடியுமா? பதில் தடுமாறினால் விலகிக்கொள்ளுங்கள்.

சேமலாப நிதிப் பணத்தையும், அடகு வைத்த நகைக் காசையும் இதில் இறக்காதீர்கள். முப்பது வருடம் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று சேர்த்த காசு அது. போனுக்கு வரும் இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தால் மத்திய வங்கிக்கு 1935 இலக்கத்தில் பேசலாம்.

ஏற்கெனவே காசு போட்டு ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வங்கிச் சீட்டையும் போனில் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்துப் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். "போன காசை மீட்டுத் தாறேன், கொஞ்சம் கட்டுங்க" என்று வருபவர் இரண்டாவது திருடர். அவருக்கு ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். கடன் வாங்கி விட்டதைப் பிடிக்கவும் போகாதீர்கள்.

சேர்த்துவிட்ட அண்ணனும் அக்காவும் பெரும்பாலும் நம்மைப் போலவே ஏமாந்தவர்கள். அவர்களோடு லயத்தில் அடிபிடி வேண்டாம். சேர்ந்தே முறைப்பாடு செய்தால் பலம் அதிகம். ஆழம் தெரியாமல் காலை விடவும் வேண்டாம், விட்டவரைத் தனியே தவிக்க விடவும் வேண்டாம்.