கும்மியும் கணிப்பொறிக் கட்டமும்

பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், ஓட்டுநர் போட்ட பாட்டுக்கு விரலால் தட்டிக்கொண்டே வருகிறார். அது என்ன தாளம் என்று அவரைக் கேட்டால் விழிப்பார். சென்ற ஆண்டுவரை நானும் அவருடைய கட்சிதான். வீட்டில் கணிப்பொறியை வைத்து இசைப்பதிவு செய்யத் தொடங்கிய பிறகே, தட்டத் தெரிவது வேறு, எண்ணத் தெரிவது வேறு என்பது விளங்கிற்று.

வீட்டில் இசைப்பதிவா என்று நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். ஏ. ஆர். ரகுமான் 1989இல் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்துதான் 1992இல் ‘ரோஜா’ பாடல்கள் பிறந்தன. என்னிடம் கூடம் இல்லை. ஒரு பழைய மடிக்கணிப்பொறி, ஒரு கைப்பேசி, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், இவ்வளவே மூலதனம். தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு, இரவில்தான் வேலை.

என் பெரியப்பா எங்கள் ஊர்க் கும்மிக்கு மேளம் அடிப்பவர். கும்மி இப்போது கொங்கு நாட்டில் மீண்டும் பெருகிவருகிறது. வள்ளி ஒயில் கும்மியைக் கற்பித்துவந்த கோவை மாவட்டக் கலைஞர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததும் நாம் அறிந்ததே. எங்கள் ஊரிலும் மாலைதோறும் ஒத்திகை நடக்கிறது. தினமும் பெரியப்பாவால் வர இயலாது. ஆகவே அவர் அடிப்பதைப் பதிவு செய்து, செம்மைப்படுத்தி, ஒத்திகைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்தச் ‘செம்மை’தான் வினையாயிற்று.

இசை மென்பொருள்களில் பெரும்பாலானவை திறந்தவுடனே ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டும். நாம் வேறு சொல்லாதவரை அது 4/4. அதாவது ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டும் மேலும் நான்காகப் பிரிந்திருக்கும். நம் ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். அதைச் சதுச்ர நடையில், தட்டுக்கு நான்காக, பாடினால் இந்தக் கட்டத்தில் வம்பில்லாமல் உட்கார்ந்துவிடும். ஆனால் நம்மிடம் உள்ள நடைகள் ஐந்து: திச்ரம் 3, சதுச்ரம் 4, கண்டம் 5, மிச்ரம் 7, சங்கீர்ணம் 9. தமிழில் மும்மை, நான்மை, ஐம்மை, எழுமை, ஒன்பான்மை என்பர். கும்மி மும்மை நடை. நானோ நான்மைக் கட்டத்தை மாற்றாமலே அதில் கும்மியை ஏற்றினேன்.

பிறகு ‘குவாண்டைஸ்’ என்னும் விசையை அழுத்தினேன். முன்பின்னாக விழுந்த அடிகளை அருகிலுள்ள கோட்டுக்கு இழுத்து நிறுத்துவது அதன் வேலை. என்ன நடந்தது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டின் நீளம் 600 மில்லிவினாடி. கும்மியின் மூன்று அடிகள் 0, 200, 400 என்னும் இடங்களில் விழவேண்டும். நான்மைக் கட்டத்தின் கோடுகளோ 0, 150, 300, 450. 200இல் இருந்த அடியைப் பொறி 150க்கு இழுத்தது. 400இல் இருந்ததை 450க்குத் தள்ளியது. சமமாக 200, 200, 200 என்று நடந்துகொண்டிருந்த மேளம் 150, 300, 150 என்று நொண்டத் தொடங்கிற்று.

எனக்கு அது புதுமையாக, ஏன், கொஞ்சம் நாகரிகமாகக்கூடத் தோன்றியது. பெருமையுடன் பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். பாதிவரை கேட்டவர், “இது யாரு அடிச்சது?” என்றார். “நீங்கதானுங்க பெரியப்பா” என்றேன். “நானில்லீங் கண்ணு. இதுக்குக் காலை எப்பத் தூக்கறது, எப்ப வெக்கறது?” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு எல்லாவற்றையும் கலைத்தேன். கட்டத்தை 6/8 என மாற்றினேன். இங்கே புதிதாகப் பழகுபவர்கள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. 6/8இலும் 3/4இலும் சிறுதட்டுகள் ஆறுதான். முன்னதில் 3+3, பின்னதில் 2+2+2. எண்ணிக்கை ஒன்றாயினும் அழுத்தம் விழும் இடம் வேறாகையால் ஆடுபவரின் கால் வேறாகும். அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் 1958இல் துருக்கிக்குச் சென்றபோது, தெருக் கலைஞர்கள் ஒன்பதை 3+3+3 என்று பிரிக்காமல் 2+2+2+3 என்று வாசிப்பதைக் கேட்டு வியந்தார். அந்த அமைப்பை 1959இல் வெளிவந்த தம் ‘டைம் அவுட்’ இசைத்தட்டில் கையாண்டார். நம்மவர்க்கு இதில் பெரிய வியப்பு இராது. மிச்ர சாபுவின் ஏழை 3+4 என்றும், கண்ட சாபுவின் ஐந்தை 2+3 என்றும் கைகொட்டியே வளர்ந்த மரபு நமது. மென்பொருளில் 7/8 என்று எழுதிவிட்டால் மட்டும் மிச்ர சாபு வந்துவிடாது; அழுத்தம் எங்கே என்பதையும் நாம்தான் சொல்லவேண்டும்.

அதைச் சொல்ல எனக்கு உதவியது, முதலாண்டுத் தமிழ் வகுப்பில் தேர்வுக்காக மட்டும் படித்த யாப்பிலக்கணம்! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘தான’ என்றால் 2+1; ‘தனன’ என்றால் 1+1+1. இரண்டும் மூன்று மாத்திரையே. வாயால் ‘தான தனன தான தனன’ என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் தொடங்கும் கட்டத்தில் ஓர் அடியை வைத்தால் மும்மை நடை தானே அமைகிறது. ஏழு வேண்டுமா? ‘தான தானன’ என்று சொல்லிப் பாருங்கள், 3+4. சந்தம் எழுதத் தெரிந்தவர்க்குக் கட்டம் நிரப்புவது எளிது என்பது என் அனுபவம்.

இன்னும் ஒரு குறை இருந்தது. நான் பொறியில் வைத்த அடிகள் எல்லாம் ஒரே பலத்தில் விழுந்தன. ஓர் அடியின் பலத்தை மிடி முறையில் 1 முதல் 127 வரை குறிக்கலாம். மும்மையின் முதல் அடிக்கு 110, நடு அடிக்கு 60, மூன்றாவதற்கு 80 என்று வைத்தேன். இந்த எண்களைப் பெரியப்பாவின் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, தோராயமாகப் பிடித்தேன். பிறகுதான் அது மேளம்போல் ஒலித்தது.

வேகம் கடைசிச் சிக்கல். கும்மி தொடக்கத்தில் நிதானமாகவும் முடிவில் விரைவாகவும் போகும். பெரியப்பா 100இல் தொடங்கி 130இல் முடித்திருந்தார். அதைத் திடீரென்று ஏற்றாமல், அவர் ஏற்றிய இடங்களிலேயே சிறிது சிறிதாக ஏற்றி வேகக்கோடு வரைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒலிபெருக்கியை வைத்துப் போட்டேன். பெரியம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் ஒரு சுற்று ஆடினார்கள், கால் தடுக்கவில்லை. பெரியப்பா திண்ணையில் அமர்ந்து முழுவதும் கேட்டார். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. கூடவே வேறு ஒன்றும் இருந்தது.

“இனி நோம்பிக்கும் இந்தப் பொட்டியே போதும்னு சொல்லீருவாங்களா கண்ணு?” என்று கேட்டார். அவருடன் அடிக்கும் நால்வருக்கும் நோம்பிக் காலத்துக் கூலி பெரிய ஆதரவு. இதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

இப்போது ஒத்திகைக்குக் கொடுத்திருக்கும் பதிவு நூற்றுப்பத்து வேகத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் ஏறும் பகுதியை நான் வெட்டி எடுத்துவிட்டேன். அந்தப் பகுதி வேண்டுமென்றால் பெரியப்பாவைத்தான் அழைக்கவேண்டும்.