சொந்தக் குழுவும் சொந்த மொழியும்

நாடகம் எழுதவும் அதனை மேடையேற்றவும் வல்ல இளைஞர் ஒருவருக்குத் தமக்கெனத் தனிக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டால் மட்டும் குழு உண்டாகிவிடாது. யாரை நடிக்க வைப்பது, எம்மொழியில் பேச வைப்பது, எவருக்காக நடிப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். அவ்விடைகளைத் தேடிக் கண்ட ஒருவரின் வரலாற்றை இங்கே நோக்குவோம்.

ஹபீப் தன்வீர் 1923-இல் ராய்ப்பூரில் பிறந்தவர். 1945-இல் பம்பாய்க்குச் சென்று, அங்குள்ள வானொலி நிலையத்தில் பணியாற்றினார். இந்திய மக்கள் நாடக மன்றத்திலும் ஈடுபட்டார். பின்னர் டில்லிக்கு வந்து, 1954-இல் ‘ஆக்ரா பஜார்’ என்னும் நாடகத்தை எழுதி அரங்கேற்றினார். வெள்ளரி விற்பவன் ஒருவன் தன் சரக்கைப் பற்றி ஒரு பாட்டு வேண்டிப் புலவர்களை நாடுகிறான். அவர்கள் அவனை மதிக்கவில்லை. எளிய மக்களைப் பாடிய நஸீர் அக்பராபாதியே அவனுக்குக் கைகொடுக்கிறார். அக்கவிஞர் மேடையில் தோன்றுவதே இல்லை. அவருடைய பாடல்களே கடைத்தெருவெங்கும் ஒலிக்கின்றன. ஜாமியா மில்லியா மாணவர்களோடு ஓக்லா கிராமத்தாரும் இதில் நடித்தனர். முதற் கேள்விக்கு விடை இங்கேயே அரும்பியது எனலாம்.

1955-இல் தன்வீர் இங்கிலாந்து சென்று நாடகப் பயிற்சி பெற்றார். பிரெக்டின் நாடகங்களைப் பெர்லினில் கண்டார். 1958-இல் தாயகம் திரும்பியதும், தம் ஊர்ப் பக்கத்தில் இரவு முழுவதும் நிகழும் ‘நாச்சா’ என்னும் கிராமிய ஆட்டத்தைப் பார்த்தார். பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் ஒருங்கே கைவந்த அக்கலைஞருள் அறுவரை டில்லிக்கு அழைத்துவந்து, சூத்ரகரின் ‘மிருச்சகடிக’த்தை ‘மிட்டி கீ காடி’ என்னும் பெயரில் அரங்கேற்றினார். 1959-இல் மோனிகா மிஸ்ராவுடன் சேர்ந்து ‘நயா தியேட்டர்’ என்னும் குழுவைத் தொடங்கினார்.

இனித்தான் உண்மையான இடர்ப்பாடு தோன்றியது. கிராமத்து மேடையில் சிங்கம் போல் உலவிய அந்நடிகர்கள், டில்லி மேடையில் தயங்கித் தயங்கி நின்றனர். காரணம் இரண்டு. இந்தி உரையாடலை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும்படி நேர்ந்ததால் அவர்களுடைய நா தடுமாறியது. இங்கே நில், அங்கே நகர் என முன்கூட்டியே இட்ட கட்டளைகளால் கால் தடுமாறியது. குறை நடிகரிடம் இல்லை, தம் முறையிலேயே உள்ளது என்பதைத் தன்வீர் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

1970-ஐ ஒட்டிய காலத்தில் அவர் வழியை மாற்றினார். நடிகர்கள் தம் தாய்மொழியாகிய சத்தீஸ்கரியிலேயே பேசினர். காட்சியின் கருத்தை மட்டும் கூறி, அவர்களையே ஆடிப் பாடிப் பேச விட்டார். அதன் பின்னரே அதனைச் செப்பம் செய்து நிலைப்படுத்தினார். 1973-இல் ராய்ப்பூரில் நடத்திய நாச்சாப் பயிற்சி முகாம் இம்முறைக்கு உரமூட்டியது.

அதன் கனியே 1975-இல் தோன்றிய ‘சரண்தாஸ் சோர்’. திருடன் ஒருவன் பொய் சொல்வதில்லை எனக் குருவிடம் வாக்களிக்கிறான். அவ்வாக்குக்காகவே உயிரையும் இழக்கிறான். இந்நாடகம் 1982-இல் எடின்பரோ விழாவில் பரிசு பெற்றது. சத்தீஸ்கரியில் ஒரு சொல்லும் அறியாதவர்கள் அதனைக் கண்டு மகிழ்ந்தனர் என்பது சிந்திக்கத் தக்கது. நடிகன் தன் மொழியில் இயல்பாக நிற்கும்போது, அயலானுக்கும் அவன் விளங்குகிறான்.

தன்வீர் 2009-இல் மறையும் வரை, ஐம்பது ஆண்டுகள் அக்குழுவை நடத்தினார். புதுக் குழு தொடங்க விரும்புவோர் பொருளையும் அரங்கத்தையும் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. அத்துடன், தம் நடிகர்கள் எம்மொழியில் சிரிக்கிறார்கள், எம்மொழியில் அழுகிறார்கள் என்பதையும் முதலில் கேட்டறிவார்களாயின், பல ஆண்டு உழைப்பு வீணாகாமற் காத்துக்கொள்வார்கள்.