பெருமாள்மலையில் பியூஸ் போனால்

வத்தலக்குண்டில் வெயில் கொளுத்தும். காமக்காபட்டி தாண்டி ஏறி பெருமாள்மலையை எட்டும்போது பனிமூட்டத்தில் எதிர்வண்டி தெரியாது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குப் போகிற காரில் ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் பகலிலேயே வேலை செய்தாக வேண்டும். கம்பெனி வயரிங் இதைத் தாங்கும். நாம் கூடுதலாக மாட்டும் பனி விளக்குதான் வம்பு.

ஹெட்லைட் வயரிலேயே அதைச் சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்ப்ஸ். அந்த வயரில் ஏற்கெனவே ஓடும் 4.5 ஆம்ப்ஸையும் சேர்த்தால் 14-ஐ நெருங்கும். பியூஸோ 10 ஆம்ப்ஸ். அது உடனே போகாது என்பதுதான் சங்கடம். சில நிமிடம் சூடேறி, வளைவுக்கு நடுவே உருகும்.

எங்கே தேடுவது? பெரும்பாலான கார்களில் இரண்டு பெட்டிகள். ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டு ஓரத்தில் ஒன்று (சில வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்); பானட்டுக்குள் பேட்டரி பக்கம் மற்றொன்று. எது எதற்கான பியூஸ் என்ற படம் மூடியின் உட்புறத்தில் இருக்கும். இல்லையென்றால் கையேட்டில் நிச்சயம் உண்டு.

சாவியை அணைத்துவிட்டு, பெட்டிக்குள்ளேயே செருகியிருக்கும் பிளாஸ்டிக் கிடுக்கியால் பியூஸை நேராக உருவுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு கால்களையும் இணைக்கும் மெல்லிய உலோக வளைவு அறுந்திருக்கிறதா என்று தெரியும். 1976-இல் அமெரிக்காவின் லிட்டெல்ஃபியூஸ் கொண்டுவந்த வடிவம் இது. நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்ப்ஸ், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

பியூஸ் நன்றாக இருந்தும் ஹாரன் அடிக்கவில்லையா? பக்கத்தில் கட்டைபோல் நிற்கும் ரிலேயைப் பாருங்கள். அதே எண் உள்ள இன்னொரு ரிலேயை மாற்றிச் செருகினால் குட்டு உடைந்துவிடும்.

சிவப்பு போன இடத்தில் பச்சையைச் செருகினால் விளக்கு எரியும், ஆனால் உள்ளே வயரும் எரியலாம். பியூஸ் காப்பது பல்பை அல்ல, வயரை. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகுவதும் இதே கதைதான். பனி விளக்கு வேண்டுமானால் பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ரிலே, பேட்டரிக்கு அருகிலேயே தனி பியூஸ் என்று வத்தலக்குண்டிலேயே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போட்டுக்கொண்டு மலையேறலாம்.

பேட்டரி முனையருகே போல்ட் போட்டு முறுக்கிய பெரிய பியூஸ் போயிருந்தால் மட்டும் ரோட்டோரத்தில் கை வைக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.