முயலுக்கும் ஒரு கழிப்பிடம்

தோட்டப்புறத்துக் குழந்தைகள் விரும்பி வளர்க்கும் பிராணிகளுள் முயலும் ஒன்று. வாங்கிவந்த முதல் வாரத்தில் அதனைக் கையிலிருந்து இறக்கிவிடவே பிள்ளைகளுக்கு மனம் வராது. ஒரு மாதம் சென்றபின் நிலைமை மாறிவிடுகிறது. "வீடெல்லாம் நாற்றம்! இதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு" என்று பெரியவர்கள் கடிந்துகொள்கின்றனர். பின்னர் அம்முயல் கொல்லைப்புறக் கம்பிக் கூண்டில் அடைபடுகிறது. அல்லது செம்பனைக் காட்டில் விடப்படுகிறது. மனிதர் கையில் வளர்ந்த முயலுக்குக் காட்டில் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. மலைப்பாம்புக்கோ நாய்க்கோ அது விரைவில் இரையாகிவிடும். ஆகவே வீட்டின் தூய்மையும் முயலின் உயிரும் ஒரு சிறு பழக்கத்தைச் சார்ந்துள்ளன. முயலை ஓரிடத்தில் கழிக்கப் பழக்கும் அம்முறையை இங்குக் காண்போம்.

முயல் என்னும் ஒரே சொல்லால் நாம் இருவேறு விலங்குகளைக் குறிக்கின்றோம். தமிழ்நாட்டுக் காடுகளில் ஓடித்திரியும் முயல் வளை தோண்டாது. புல் மறைவில் படுத்துறங்கும். நாம் வளர்க்கும் முயலோ ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இனத்தின் வழிவந்தது. அவ்வினம் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. கழிப்பதற்கென்று குறிப்பிட்ட சில இடங்களை அது வைத்துக்கொள்ளும். அங்குக் குவியும் புழுக்கைகளின் மணம், "இது எங்கள் எல்லை" என்று பிற முயல்களுக்கு அறிவிக்கும். இவ்வியல்பு வீட்டு முயலிடமும் இருக்கிறது. எனவே ஒழுங்கு அதனிடம் முன்பே உண்டு. நாம் அதற்கு இடமமைத்துக் கொடுத்தால் போதும்.

முதலில் முயலை ஒரு கூண்டிலோ சிறிய அறையிலோ விட்டு இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். பெரும்பாலும் அது ஒரு மூலையையே நாடும். அம்மூலையில், முயல் ஏறி அமர்ந்து திரும்பக்கூடிய அளவுள்ள தட்டு ஒன்றை வையுங்கள். அடியில் செய்தித்தாளைக் கனமாகப் பரப்பி, ஒரு பக்கத்தில் உலர்ந்த புல்லைக் குவியுங்கள். முயல் புல்லைத் தின்றுகொண்டே கழிக்கும் வழக்கமுடையது. ஒரு நாளில் 200க்கும் மேற்பட்ட புழுக்கைகளை இடும். ஆதலால் புல் இருக்குமிடத்தில் அது நெடுநேரம் தங்கும். வெளியே சிதறிய புழுக்கைகளைப் பொறுக்கித் தட்டில் இடுங்கள். சிறுநீரைக் காகிதத்தால் ஒற்றி, அதனையும் தட்டிலேயே போடுங்கள். அம்மணம் முயலுக்கு வழிகாட்டும். தரையையோ வினிகர் கலந்த நீரால் துடைத்துவிட வேண்டும்.

தட்டு வைத்த மூலையை விட்டு முயல் வேறு மூலைக்குப் போனால், தட்டையும் அங்கே நகர்த்துங்கள். "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்னும் பிடிவாதம் இங்குப் பயன்படாது. சிறிய இடத்தில் தவறாமல் பழகியபின், சிறிது சிறிதாக வீட்டின் பிற பகுதிகளுக்கு விடலாம்.

முயலை ஒருபோதும் அடிக்கலாகாது. பிற விலங்குகளுக்கு இரையாகி வந்த உயிரினமாதலால், அடித்தால் அது நம்மைக் கண்டு அஞ்சுமேயன்றி, ஏன் அடிபட்டோம் என்று அறியாது. நான்கு முதல் ஆறு மாத வயதில், நன்கு பழகிய முயலும் திடீரென்று அங்குமிங்கும் சிறுநீரைத் தெளிக்கலாம். அது பருவமடைந்ததன் அறிகுறி. கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்வித்தால் இவ்வழக்கம் பெரிதும் குறையும். பெண் முயலுக்குக் கருப்பைப் புற்றுநோய் வராமலும் அது காக்கும்.

பூனைக்கென விற்கப்படும், ஈரம்பட்டால் கட்டியாகும் களிமண்ணைத் தட்டில் இடாதீர்கள். முயல் அதனைத் தின்றால் குடல் அடைபடும். புல்லிலும் எச்சரிக்கை வேண்டும். பராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் தோட்டங்களில் வேறு களைக்கொல்லிகள் தெளிக்கப்படுகின்றன. மருந்து அடித்த இடத்துப் புல்லை அறுத்துவரக் கூடாது. முயலால் வாந்தியெடுக்க இயலாது என்பதை நினைவிற்கொள்க.

தட்டைப் பார்த்தே முயலின் உடல்நிலையை அறியலாம். உலர்ந்த உருண்டைப் புழுக்கைகள் நலத்தின் அடையாளம். மென்மையான மற்றொரு வகை எச்சத்தை முயல் தன் உடலிலிருந்தே வாயால் எடுத்து உண்ணும். இதனைக் கண்டு அருவருக்க வேண்டாம். சத்துகளை மீண்டும் பெறும் இயற்கை ஏற்பாடு அது. ஆனால் அரை நாளாக உண்ணாமலும் கழிக்காமலும் இருந்தால், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தட்டை நாள்தோறும் கழுவி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். சிறுநீர் தேங்கினால் எழும் அம்மோனியா வாயு முயலின் மூச்சுக்குழலைக் கெடுக்கும். புழுக்கைகளைக் கத்தரி, வெண்டைச் செடிகளுக்கு எருவாக இடலாம்.

இப்பழக்கத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. முயல் வெப்பம் தாங்காது. அதற்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் முயல்களை ஆராயும் அரசு நிலையம் ஒன்று, கொடைக்கானல் மலைப்பகுதியில் குளிர்ந்த மன்னவனூரில் அமைந்துள்ளது. நம் ஜொகூரிலோ பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரையின் கீழுள்ள கூண்டில் முயல் துன்புறும். கழிப்பிடம் பழகிய முயலையோ வீட்டினுள் குளிர்ந்த தரையில் வைத்துக்கொள்ளலாம்.

வளர்ப்புப் பிராணிக்கு உணவும் தக்க இருப்பிடமும் அளிப்பது உரிமையாளரின் கடமை என்று நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கூறுகிறது. ஆகவே முயல் வாங்கித் தரும்படி பெற்றோரைக் கேட்கும் மாணவர்கள், அதற்கு முன்பே ஒரு தட்டையும், அதனை நாள்தோறும் கழுவும் மனத்தையும் ஆயத்தம் செய்துகொள்வார்களாக!