இலவசப் பரிசோதனையின் விலை

ஏழைப் பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டால், அறியாமை, கூச்சம் என்று இரண்டே சொற்களில் பதிலை முடித்துவிடுகிறோம். 2019-21-ஆம் ஆண்டு தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஒருமுறையாவது இப்பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் தேசிய அளவில் 1.9 சதவீதம், தமிழகத்தில் 9.8 சதவீதம். தேசிய சராசரியைவிட மேல் என்று மகிழலாம்தான். ஆனால், பத்தில் ஒன்பது பெண்கள் செய்துகொள்ளவில்லை என்பதையும் அதே புள்ளிவிவரம்தான் சொல்கிறது.

பரிசோதனைக்குக் கட்டணமில்லை. எனினும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று காத்திருந்து திரும்ப அரை நாளாகும். எஞ்சிய அரை நாளுக்கு வேலை தருவார் யாருமில்லை என்பதால் முழு நாள் கூலியும் போய்விடும். சந்தேகம் எழுந்தால் மாவட்ட மருத்துவமனைக்கு இன்னொரு நாள். முடிவை அறிய மற்றொரு நாள். வலியோ உதிரப்போக்கோ இல்லாத உடம்புக்காக இத்தனை நாள் கூலியை இழப்பதா என்று ஒரு பெண் தயங்கினால், அதை அறியாமை என்பது நியாயமல்ல. நோய் இருப்பதாகத் தெரிந்துவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்ற அச்சமும் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது. திருப்பூருக்குப் பிழைக்க வந்த வடமாநிலப் பெண்ணுக்கோ, இதையெல்லாம் எடுத்துச் சொல்ல மொழியும் துணையில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். 30 முதல் 59 வயதுக்குள்பட்ட சுமார் 49,000 பெண்களை அழைத்தார்கள். 31,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களே நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாகும் இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டறிந்தனர். தேவைப்பட்டோருக்கு அன்றே உறைகுளிர் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. பரிசோதனை நடைபெறாத பகுதிகளோடு ஒப்பிடுகையில் இந்நோயால் நேரும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. வந்தவர்கள் வேறு உலகத்துப் பெண்கள் அல்லர். அதே கூச்சம் உள்ளவர்கள்தாம்.

கூச்சம் பொய்யென்று சொல்லவில்லை. அதற்கும் இன்று வழியிருக்கிறது. ஹெச்பிவி பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே தனிமையில் எடுத்துத் தரலாம். உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டுள்ளது.

எஞ்சுவது கூலி. கர்ப்பிணிகளின் வருவாய் இழப்பை ஈடுசெய்ய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் வழங்கும் அரசுக்கு இந்தக் கொள்கை புதிதன்று. பரிசோதனைக்கு வரும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலியைத் தருவதற்கும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள்ளேயே முகாம் நடத்துவதற்கும் புதிய மருத்துவமனை எதுவும் கட்ட வேண்டியதில்லை.